கடைசிக் கடைவாய்ப்பல்: வலி அடங்கியிருக்கும்போதே வாருங்கள்

கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், இன்னிக்கே புடுங்கிடுங்க." அன்றைக்கு எடுக்கத்தான் முடிவதில்லை. நான்கு நாள் மாத்திரையில் வலி அடங்கியதும் அவர்கள் வருவதில்லை. அடுத்த வீக்கத்தில்தான் மறுபடி பார்க்கிறோம்.

கடைசிக் கடைவாய்ப்பல்லான ஞானப்பல் வழக்கமாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. கீழ்த்தாடையில் இடம் போதாவிட்டால் முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்து, பாதி வெளியிலும் பாதி ஈறுக்குள்ளுமாக நின்றுவிடும். மேலே மூடியிருக்கும் ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் போய்ச் சேர்ந்து சீழ் பிடிக்கும். வீங்கிய அந்த ஈறையே மேல் பல்லும் கடித்துக்கொண்டிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் மடிப்புக்குள் கிடக்கும் அழுக்கை எடுக்காது. அதை சலைன் விட்டுக் கழுவத்தான் வேண்டும்.

சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் சரியாக வேலை செய்யாது, வாயும் போதுமான அளவு திறக்காது. அதனால்தான் அன்றைக்கே எடுப்பதில்லை. வாய் திறப்பைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். மூன்றும் போனால் நல்லது. ஒரு விரல்தான் போகிறதென்றால் முதலில் வீக்கத்துக்குத்தான் வைத்தியம்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்கச் சொல்வது சரியல்ல. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற பல்லை விட்டுவிடலாம். முழுக்க எலும்புக்குள் புதைந்து எந்தத் தொந்தரவும் தராத பல்லை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தால் போதும். அடிக்கடி வீங்குவது, முன்னால் இருக்கும் பல்லைச் சொத்தையாக்குவது, நீர்க்கட்டி உண்டாக்குவது ஆகியவைதான் எடுப்பதற்கான காரணங்கள்.

வரும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு அத்தனையும் கொண்டு வாருங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருவது ஆபத்து. பல் எடுத்த இடத்து ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம், ஸ்டென்ட்டில் அடைத்த ரத்தத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் புதிதாகப் பார்க்க வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாட்டிக் தேவை. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஊசியோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டே வாருங்கள்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. உண்மையில் யோசிக்க வேண்டியது கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைத்தான். எக்ஸ்ரேயில் பல் வேர் அதைத் தொடுவதுபோல் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். மிகவும் நெருங்கியிருந்தால் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடுவதும் உண்டு. அந்த நரம்பு நசுங்கினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பெரும்பாலோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி போட்டபின் பாதி உதடு தடித்ததுபோல் ஆகும். அழுத்துவது தெரியும், வலி தெரியாது. வலித்தால் கையைத் தூக்குங்கள். ஈறைக் கீறி விலக்கி, பல்லை மூடிய எலும்பைச் சிறிய டிரில்லால் செதுக்குவோம். கூடவே சலைன் ஊற்றிக்கொண்டே இருப்போம். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடாக இருந்தாலே செல்கள் செத்துப்போகும் என்பதால்தான் அது. சாய்ந்த பல்லை முழுதாக இழுப்பதில்லை. துண்டு போட்டு எடுத்தால் எலும்பைக் குறைவாகச் செதுக்கினால் போதும், வீக்கமும் குறைவு. கடைசியில் தையல், பஞ்சுத்துணி.

அந்தத் துணியை 45 நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். எச்சிலை விழுங்குங்கள். துப்பத் துப்ப, பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தக்கட்டி கழன்று வரும், ரத்தமும் நிற்காது. ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உடனே பஸ் ஏறாமல் ஒரு மணி நேரம் இருந்து, ரத்தம் நின்றதைக் காட்டிவிட்டுப் போவது நல்லது. முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் எடுக்க வேண்டும். வாய் கொப்பளிப்பது மறுநாளிலிருந்துதான், வெதுவெதுப்பான உப்பு நீரில். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் கூடித்தான் இறங்கும், பதற வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்க் கேழ்வரகுக் கூழை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நொய்யை வடிகட்டிவிட வேண்டும், குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சை வெங்காயம், கருவாடு, மிளகாய் வேண்டாம். டம்ளரில் குடியுங்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். ஆம்பூர் பிரியாணி ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை எதுவும் கூடாது. குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். இவற்றால் குழியில் உள்ள ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிந்தால் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே காதுவரை குத்தும் வலி வரும், வாய் நாறும். அதற்கு இன்னொரு ஆன்டிபயாட்டிக் தீர்வல்ல. குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி தணியும். வீட்டிலேயே கிராம்புத் தைலத்தை ஊற்றிக்கொள்ளாதீர்கள், ஈறு வெந்துவிடும். மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தால் அது முடிந்து குறைந்தது மூன்று நாள் ஆகும்வரை மது கூடாது.

விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, நாக்கு மேலே தூக்கினாலோ, தாடைக்குக் கீழே கல்போல் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்குக்கும் போகாதீர்கள். நேராக அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, தேவைப்பட்டால் 108-இல். இப்படி எதுவும் இல்லையென்றால் ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தால் போதும்.