மாதுளம்பூ ஏன் கொட்டுகிறது?

வாசலில் வைக்க ஒரு மரம் சொல்லுங்கள் என்று கடலூரில் யார் கேட்டாலும் நான் மாதுளையைத்தான் சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்கவே பயம். மாதுளையைக் கிளை வெட்டிக் கவாத்து செய்து பத்தடியில் நிறுத்திவிடலாம். கடலோரக் கிணற்றின் லேசான உப்பையும் ஓரளவு தாங்கும். அந்தச் செக்கச்செவேல் பூவுக்காகவே வைக்கலாம்.

ஆனால் வைத்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் கலங்கிப் போகிறார்கள். எதிர்வீட்டு அக்கா போன மாசியில் வந்து நின்றார். "தம்பி, நேத்து வரைக்கும் மரம் பூரா பூ. இன்னிக்குப் பாதி கீழ கெடக்கு. கண்ணு பட்டுடுச்சுப்பா."

கீழே கிடந்ததில் ஒன்றையும், மரத்தில் இருந்ததில் ஒன்றையும் எடுத்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்து அவர் கையில் வைத்தேன். உதிர்ந்த பூ மணி மாதிரி, காம்புப் பக்கம் ஒடுங்கியிருந்தது. உள்ளே, காயாக வளர வேண்டிய சூற்பை பேருக்குத்தான் இருந்தது. நுனியில் மகரந்தத்தை வாங்கும் சூலகத் தண்டு குட்டையாகி, மகரந்தத் தாள்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. மரத்திலிருந்து பறித்ததோ குடம் மாதிரி அடி பருத்த பூ. சூற்பைக்குள் வெள்ளை முத்துகளாக, விதையாகப் போகும் சூல்கள். தண்டு நீண்டு மகரந்தப் பைகளின் உயரத்துக்கு எட்டியிருந்தது.

ஒரே மரம் இந்த இரண்டு வகையும் பூக்கும். மணிப் பூ நடைமுறையில் ஆண் பூ. தேனீக்கு மகரந்தம் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது, உதிர வேண்டியதுதான். குடப் பூதான் காயாகும். ஒரு பழத்தை வளர்க்க மரம் ஏராளமான நீரும் சர்க்கரையும் செலவழிக்க வேண்டும்; எல்லாப் பூவும் காய்த்தால் கட்டுப்படியாகாது. கொத்தின் நுனிப் பூ பெரும்பாலும் குடமாகவும், பக்கத்துப் பூக்கள் மணியாகவும் இருப்பதை நீங்களே பார்க்கலாம். குடப் பூக்களே உதிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்: தண்ணீர்த் தட்டுப்பாடு, தேனீ வராதது, பூச்சி என்று காரணம் தேடலாம்.

நர்சரியில் ரோஜா போல அடுக்கடுக்காக இதழ் வைத்த மாதுளையும் விற்பார்கள். அதில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, பழத்தை எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த சங்கடம், பழம் வெடிப்பது. வெயிலில் காய்ந்த தோல் விறைத்துப்போய் நீளும் தன்மையை இழந்திருக்கும். திடீரென்று மழை கொட்டினால் வேர் நீரை உறிஞ்ச, உள்ளே முத்துகள் ஊதும். அந்த வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் பிளந்துவிடுகிறது. நம் ஊரில் இதற்கு நேரம் பார்ப்பதுதான் நல்ல வழி. பூத்ததிலிருந்து பழுக்க ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஆனி, ஆடியில் வரும் பூ, ஐப்பசி தொடங்கி வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பூக்களைக் கிள்ளிவிடுகிறேன். தை, மாசிப் பூக்களை விட்டால் ஆடி, ஆவணியில் பறித்துவிடலாம். கோடை முழுக்கத் தண்ணீர் மட்டும் ஒரே சீராகப் போக வேண்டும். நான்கு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் மழைக்குப் பதில் நீங்களே வெடிக்க வைக்கிறீர்கள். அடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். நடும்போதே மண்ணை மேடாக்கிவிடுங்கள், கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீரில் வேர் அழுகிவிடும்.

பறித்து வைத்தால் மாதுளை மேலும் பழுக்காது, மரத்திலேயே முற்ற விட வேண்டும். பழுத்த பழத்தின் தலையில் கிரீடம் போல நிற்கிறதே, அது பூவின் புல்லி இதழ்தான். அதற்குள் விரல் விட்டுப் பாருங்கள். மாசியில் தேனீ வந்து உட்கார்ந்த மகரந்தத் தாள்கள் காய்ந்த நூலாக இன்னும் அங்கேயே இருக்கும்.