கர்ப்ப காலத்தில் ஹோட்டன் சமவெளி: நடையை விடக் கமராவே எனக்குக் கவலை

கர்ப்பமுற்றிருக்கும் மனைவியை ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, நடந்து, படமும் எடுத்துக்கொண்டு வரலாமா என்று கிளினிக்கில் கேட்கும் கணவன்மாரிடம் நான் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்வதில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் நடை நன்மையே செய்யும். மசக்கை தணிந்து, வயிறும் இன்னும் பாரமாகாத 14 ஆம் வாரத்துக்கும் 28 ஆம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம் பயணத்துக்கு ஏற்றது. கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்பதை ஸ்கான் உறுதிசெய்யும் முன்னர் வைத்தியசாலைக்கு எட்டாத மலைக்குப் போவதற்கு மட்டும் நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கர்ப்பிணிகள் சுமார் 1,800 மீட்டர் உயரம் வரை உடற்பயிற்சி செய்வது பாதுகாப்பானது என்பது அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரி கூறும் அளவு. உடல் பழகாமல் 2,500 மீட்டருக்கு மேல் பயிற்சி செய்ய வேண்டாம் என்பது பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. நமது சமவெளி இவ்விரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பதால், ஆரோக்கியமான பெண்ணுக்குத் தடை சொல்லவும் மாட்டேன், கொழும்பிலிருந்து இரவோடிரவாக வாகனம் ஏறி விடியற்காலையில் நேரே நடக்கத் தொடங்குவதை ஏற்கவும் மாட்டேன். நுவரெலியாவில் ஓர் இரவாவது தங்கி, உடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதே முறை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருப்பவர்கள் முதலில் குருதிச்சோகைக்கு மருந்தெடுக்கட்டும். உயர் குருதியமுக்கம், தாழ்ந்து அமைந்த சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி), இரட்டைக் கரு, முன்னர் குறைமாதப் பிரசவம், கருப்பைக் கழுத்தில் தையல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இந்தப் பயணத்தைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இவற்றையெல்லாம் தாண்டியவர்களுக்கும் நான் அஞ்சுவது நடைக்காக அல்ல, படத்துக்காக. ஒன்பது கிலோமீற்றருக்கும் சற்று மேலான அந்தச் சுற்றுப்பாதையில், ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சியைக் காலை ஒன்பது பத்து மணிக்குள் பனிமூட்டம் மூடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான்கு மணிக்கே எழுந்து, வெறும் வயிற்றோடு புறப்பட்டு, மூச்சு வாங்கினாலும் நிற்காமல் நடக்கிறார்கள். கணவர் கமராவோடு முன்னே போய்விடுகிறார். மனைவி தன் களைப்பைச் சொல்லத் தயங்கிப் பின்னே வருகிறார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் கர்ப்பிணிக்கு உரிய வேகம். வாக்கியத்தை முடிக்கும் முன்னர் மூச்சு முட்டினால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். மூட்டம் மூடினால் மூடட்டும்.

இன்னொன்று, கமரா கண்ணில் இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்திருந்த நெதர்லாந்து நாட்டவர் ஒருவர், உலக முடிவில் மனைவியைப் படம் எடுக்கையில் பின்னோக்கிக் கால் வைத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து, மரமொன்றில் தடுக்கப்பட்டு உயிர் தப்பி, இராணுவத்தினரால் மீட்கப்பட்டார். கர்ப்பிணியின் உடலோ இயல்பிலேயே சமநிலை மாறியது: வயிறு முன்தள்ளப் பாரமையம் நகர்கிறது, மூட்டுகளை இணைக்கும் இழைகள் தளர்கின்றன, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. ஆகவே விளிம்பருகே நின்று படத்துக்கு முகம் காட்டுவதும், மரையையோ பூவையோ எடுக்கக் குந்தியிருந்து சடாரென எழுவதும் வேண்டாம். 20 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுத்து வானத்தை எடுக்க முயல்வதும் கூடாது. கருப்பை பெருநாளத்தை அழுத்தி மயக்கம் வரும். கமராப் பையைக் கணவரே சுமக்கட்டும், மனைவியின் கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். மரைகள் வாகனத் தரிப்பிடத்தின் அருகிலேயே மேய்வதுண்டு, அவற்றைப் படம் எடுக்க மலையேற வேண்டியதே இல்லை. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஈரப் படிகளைத் தவிர்த்து, போன வழியிலேயே திரும்புவதில் எந்த இழிவும் கிடையாது.

சாப்பாட்டு விடயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பூங்கா வாயிலில் பொலித்தீன் உறைகளை வாங்கிவிடுவார்கள் (மிக நல்ல விதி). அதனால் பிஸ்கட் பைக்கற்றை நம்பிப் போகிறவர்கள் பாதி வழியில் பசியோடு நிற்கிறார்கள். வாழைப்பழம், அவித்த கடலை, உலர்ந்த பழங்கள் என்பவற்றைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நான் அடிக்கடி காணும் தவறு. சிறுநீரை அடக்குவதும் உடல் வறள்வதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. தொற்று சில வேளை குறைமாத வலியையும் தூண்டும்.

விழுந்துவிட்டால் வலி இல்லை என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். வயிற்றில் அடிபட்டால் சூல்வித்தகம் கருப்பைச் சுவரிலிருந்து பிரியத் தொடங்கலாம், முதல் சில மணி நேரத்தில் வெளியே குருதி தெரியாமலும் இருக்கலாம். குருதி வகை ஆர்.எச். நெகட்டிவாக இருக்கும் பெண்களுக்கு ஆன்டி-டி ஊசி (குழந்தையின் குருதிக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்காமல் தடுப்பது) தேவைப்படலாம். அதை 72 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது. ஆகவே கர்ப்பகாலப் பதிவேடு கையில் இருக்க வேண்டும், குருதி வகையைக் கணவரும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சமவெளியில் தொலைபேசி அலை எல்லா இடத்திலும் கிடைக்காது. நோயாளர் காவு வண்டிக்கான 1990 இலக்கத்தை அழைக்க முடியாமல் போகலாம். அதனால் தனியாக நடக்காமல் வேறு குழுவினர் கண்ணில் படும்படி நடப்பது புத்திசாலித்தனம். குருதிக் கசிவு, நீர் வடிதல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், கண் மங்கலோடு தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஊருக்குத் திரும்பும் வரை காத்திராமல் நேரே நுவரெலியா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

புல்வெளியில் நடக்கையில் நீண்ட காலுறையும், தோலில் 30 சதவீதத்துக்கு மிகாத டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து கொண்ட பூச்சும் போதும். கர்ப்பிணிகள் அதைப் பயன்படுத்தலாம். அட்டைக் கடி அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் தீங்கற்றது. உண்ணிக் கடிதான் கவனிக்க வேண்டியது. மத்திய மலைநாட்டில் உண்ணிகளால் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. வழக்கமாக அதற்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினைக் கர்ப்பிணிகளுக்குக் கூடியவரை தவிர்ப்போம், அசித்ரோமைசினை நாடுவோம். பயணத்திலிருந்து திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று பரசிட்டமோலோடு நிறுத்தாமல், சமவெளியில் நடந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்கும் பரிசோதனைகள் அதைப் பொறுத்தே மாறும்.