வடை மணத்தோடு ஓடிய ரக்ரர்

2022 ஆம் ஆண்டுச் சிறுபோகம் வன்னியில் யாருக்கும் மறக்காது. ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தாலும் கானோடு நாட்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வளவு அண்ணை ஒருநாள், வடையும் ரோல்சும் பொரித்து முடிந்த எண்ணெயைச் சாப்பாட்டுக் கடை ஒன்றிலிருந்து இரண்டு கான் வாங்கி வந்தார். பழைய வேட்டித் துணியில் வடித்தார். டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ரக்ரருக்குள் ஊற்றினார். ரக்ரர் ஸ்ராட் ஆனது. வயலில் இறங்கி உழுதது. அதன் பின்னால் போனால் வடைக்கடை வாசலில் நிற்பதுபோல மணம். ஒழுங்கை முழுக்க அன்றைக்கு அதுதான் கதை.

பன்னிரண்டாம் நாள் காலையில் அது ஸ்ராட் ஆகவில்லை.

சமையல் எண்ணெயில் டீசல் வண்டி ஓடுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்வேன். ஓடும். அப்புறம் நிற்கும். ஏன் ஓடுகிறது என்பதற்குப் பதில் டீசல் இயந்திரத்தின் சூட்டில் இருக்கிறது, ஏன் நிற்கிறது என்பதற்குப் பதில் பெரும்பாலும் எண்ணெயின் தடிப்பில்.

முதலில் ஓடுகிற கதை. பெற்றோல் இயந்திரத்தில் பிளக் ஒன்று பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் இயந்திரத்தில் பொறியே கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையில் சுடுமே, அதே சூடுதான். இங்கே அது 500 பாகை செல்சியசையும் தாண்டிவிடும். அந்தக் கொதிகாற்றுக்குள் எரிபொருளை விசிறினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் இயந்திரம் எரிபொருளின் பெயரைக் கேட்பதில்லை. விசிறக்கூடியதாகவும் அந்தச் சூட்டில் பற்றக்கூடியதாகவும் இருந்தால் போதும். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இயந்திரத்தை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ருடோல்ஃப் டீசல் தன் இயந்திரத்தைக் கடலை எண்ணெய்க்காகவே உருவாக்கினார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்தக் கண்காட்சியில் ஓடிய இயந்திரம் வேறு எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது. எதையும் மாற்றாமலே கடலை எண்ணெயிலும் அது ஓடியது என்பதுதான் அன்றைய வியப்பு.

எரிசக்தியிலும் பெரிய குறை இல்லை. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெயோ பாம் எண்ணெயோ தரும் வெப்பம், ஒரு லீற்றர் டீசல் தருவதைவிட நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம்தான் குறைவு. வயலில் இறங்கிய அன்று அண்ணைக்கு அந்த வித்தியாசம் தெரிந்தே இருக்காது.

இனி நிற்கிற கதை. இதைத் தாச்சியைக் கொண்டே விளக்கலாம். அடுப்பில் வைத்த தாச்சியில் எண்ணெய் ஊற்றியதும் அது மெல்ல மெல்லத்தான் பரவும். சூடேறியபின் தாச்சியைச் சற்றுச் சரித்தால் தண்ணீர்போல ஓடும். எண்ணெய் அதேதான், தடிப்பு மட்டும் இறங்கிவிட்டது. பாடப்புத்தகம் இதைப் பாகுநிலை என்று சொல்லும். 40 பாகை செல்சியசில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 வரை இருக்கும். அதே சூட்டில், அதே அளவுகோலில், தேங்காய் எண்ணெய் 27 ஐ ஒட்டி நிற்கும். மற்றச் சமையல் எண்ணெய்கள் 30 க்கு மேலே. அதாவது டீசலைவிடப் பத்து மடங்கு தடிப்பு.

இந்தப் பத்து மடங்கு எங்கே போய் இடிக்கிறது? எரிபொருளை இயந்திரத்துக்குள் விசிறும் இன்ஜெக்ரரின் நுனியில். அங்கே இருக்கும் துளைகள் ஒரு மில்லிமீற்றரின் நாலில் ஒரு பங்குதான் இருக்கும், புதிய வண்டிகளில் அதைவிடவும் சிறியவை. அந்தத் துளை வழியாகப் பெரும் அழுத்தத்தில் பாயும் டீசல், தலைமயிரின் தடிப்பில் பாதிகூட வராத துளிகளாக உடைந்து புகார்போலப் பரவும். துளி சிறியதாக இருந்தால்தான் அதைச் சுற்றிலும் காற்றுப் படும், முழுதாக எரியும். நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும் இயந்திரத்தில் இதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலோ ஐந்தோ பங்கு. தடித்த எண்ணெய் புகாராக உடையாது. பெருந்துளியாகப் போகும், சிலவேளை நூல்போல நீண்டு எதிர்ச் சுவரிலேயே போய் அடிக்கும். துளியின் வெளிப்பக்கம் எரியும்போதே நேரம் முடிந்துவிடும். எரியாத உட்பக்கம் கரியாகிறது. புகைக்குழாயில் வந்த வடை மணம் பாதி எரிந்த எண்ணெயின் மணம்தான். அண்ணை அன்று சந்தோஷப்பட்ட அதே மணம்!

எண்ணெய் ஏன் இவ்வளவு தடிப்பு என்பதற்கு அதன் மூலக்கூற்றைப் பார்க்க வேண்டும். டீசலின் மூலக்கூறுகள் பெரும்பாலும் தனித்தனியான கரிமச் சங்கிலிகள், ஒன்றையொன்று உரசாமல் நழுவிப் போகும். எண்ணெயின் மூலக்கூறு அப்படியல்ல. ஒரே கட்டையில் மூன்று மாடுகளை நீளக் கயிற்றில் கட்டிவிட்டால் எப்படியிருக்கும்? கட்டை என்பது கிளிசரின். மூன்று கயிறுகளும் கொழுப்பமிலச் சங்கிலிகள். இப்படி மூன்று கயிற்றுக் கட்டைகள் கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடந்தால் அந்தத் திரவம் எப்படி இலகுவாக ஓடும்?

அடுத்தது ஒட்டும் குணம். எந்தக் குசினியிலும் தாச்சியின் வெளிப்பக்கத்தில், அடுப்பைச் சுற்றியுள்ள சுவரில், ஒரு மஞ்சள் கலந்த பிசின் படிந்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் இலேசில் போகாது. எண்ணெய்ச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்ரிக் போல ஆவதால் வருவது அது. இயந்திரத்துக்குள் நடப்பதும் இதேதான். நுனியில் கரி கொம்பு கட்டுகிறது, பிஸ்டன் வளையங்கள் தங்கள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வளையம் ஒட்டியதும் எரியாத எண்ணெய் சுவர் வழியாக வழிந்து கீழே இயந்திர ஒயிலோடு கலக்கிறது. அங்கேயும் அது கோத்துக்கொண்டு களியாகிறது. கராச்சில் அண்ணையின் ரக்ரரைத் திறந்தபோது பில்ரருக்குள் பழுப்பு நிறத்தில் ஜெலி போல ஒன்று இருந்தது. நுனிகளில் கரி. கீழிருந்து வடித்த ஒயில் நூலிழையாக இறங்கியது. கிராங்குத் தண்டு தேய்வதற்கு முன்பே பில்ரர் அடைத்து நின்றதே ஒரு அதிர்ஷ்டம் என்று மெக்கானிக் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எல்லா எண்ணெய்க்கும் இந்த ஒட்டுக் குணம் ஒரே அளவில் இல்லை. இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டும் அயடீன் எண் சோயா எண்ணெயில் 130 ஐ ஒட்டி இருக்கும். பாம் எண்ணெயில் 50. தேங்காய் எண்ணெயில் வெறும் 8 முதல் 10. ஆக, பிசின் குறைவாகப் பிடிப்பதில் தேங்காய் எண்ணெய்தான் இவற்றில் நல்லது. ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்காமல் தலைக்கு வைக்க முடியாதே. 24, 25 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். போத்தலுக்குள் உறைவது எரிபொருள்க் குழாய்க்குள்ளும் உறையும்.

தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பப்புவா நியூகினியின் போகன்வில் தீவு தொண்ணூறுகளில் முற்றுகையிடப்பட்டபோது, தீவுக்குள் டீசல் வரவில்லை. அங்கிருந்தவர்கள் தேங்காய் துருவி எண்ணெய் எடுத்து அதில் வாகனங்களை ஓட்டினார்கள். அதே தொண்ணூறுகளில் வன்னியிலும் பொருளாதாரத் தடை. இங்கே வேறொரு வழி பிறந்தது. பெற்றோலை ஒரு சொட்டு ஊட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் வண்டிகளுக்கு மண்ணெண்ணெயோடு தேங்காய் எண்ணெயையோ மரக்கறி எண்ணெயையோ கலந்தார்கள். வேறு வழி இல்லாமல் செய்தது என்றுதான் இதைப் பலரும் பேசுவார்கள். எனக்கு அதில் ஒரு நல்ல பொறியியல் தெரிகிறது.

மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, அதன் பாகுநிலை 1 ஐச் சற்றுத் தாண்டும். மெல்லியது மட்டுமல்ல, வறண்டதும்கூட. டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்குத் தனியாக ஒயில் போடும் ஏற்பாடு பலவற்றில் இல்லை, ஓடுகிற எரிபொருள்தான் அவற்றை வழுக்க வைக்கிறது. வெறும் மண்ணெண்ணெய் ஓடினால் பம்ப் தேய்ந்துவிடும். எண்ணெயோ நல்ல வழுக்குப் பொருள், ஆனால் தடிப்பு. கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நாலு பங்கில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெயும் மிச்சம் மண்ணெண்ணெயும் சேர்ந்த கலவையின் பாகுநிலை 2.5 ஐ ஒட்டி வருகிறது. டீசலின் எல்லைக்குள்ளேயே விழுகிறது! பாகுநிலை மானி எதுவும் கையில் இல்லாமல், புகையின் நிறத்தையும் இயந்திரத்தின் சத்தத்தையும் வைத்து அந்த அளவைத் தேடிப் பிடித்த சாரதிகளை நான் மதிக்கிறேன். கரி பிடிக்காமல் இருந்திருக்காது, இயந்திரத்தின் ஆயுளும் குறைந்திருக்கும். ஆனாலும் அன்றைக்குக் காயக்காரரை ஏற்றிப் போக வண்டி ஓடியாக வேண்டியிருந்தது.

இன்றைக்கு நிலைமை அப்படியில்லை. கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெய் டீசலைவிட விலை கூடியது. ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பொரித்த எண்ணெய்தான், அதில் தடிப்போடு வேறு தொல்லைகளும் சேர்கின்றன. உப்பு, மாத்துகள், கருகிய வெங்காயம், எல்லாவற்றையும்விடத் தண்ணீர். திரும்பத் திரும்பக் கொதித்ததில் சங்கிலிகள் சில கட்டையிலிருந்து அறுந்து அமிலமாக மிதக்கும். அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். வேட்டித் துணி பருப்புத் துகளைப் பிடிக்கும், பம்பைத் தேய்க்கும் நுண்துகளைப் பிடிக்காது. சில நாள் அசையாமல் அடைய வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, சடசட என்ற சத்தம் அடங்கும்வரை 110 பாகை அளவில் சூடாக்கித் தண்ணீரை ஓட்டி, பிறகு 5 மைக்றோன் பில்ரரில் வடிப்பதுதான் குறைந்தபட்ச வேலை.

அதன்பிறகும் தடிப்பு அப்படியே இருக்கிறது. அதைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று, தாச்சியின் வழி: சூடாக்குவது. வண்டியில் இரண்டு தாங்கிகள் வைப்பார்கள். டீசலில் ஸ்ராட் பண்ணி, இயந்திரத் தண்ணீர் சூடேறியதும் அந்தச் சூட்டாலேயே எண்ணெய்த் தாங்கியைச் சூடாக்கி, அப்புறம் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். 80 பாகையில் எண்ணெயின் பாகுநிலை 10 அளவுக்கு இறங்கும். அப்போதும் டீசலைவிடக் கூடத்தான், ஆனால் பழைய இன்ஜெக்ரர்கள் சமாளிக்கும். நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் மறுபடி டீசலில் ஓட்டிக் குழாயைக் கழுவ வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் ஆறிய எண்ணெய் நுனியிலேயே தடித்துப்போய்க் கிடக்கும்.

மற்ற வழி, கட்டையிலிருந்து மாடுகளை அவிழ்ப்பது. எண்ணெயோடு ஐந்தில் ஒரு பங்கு மெதனோலும் சிறிது கோஸ்ரிக் சோடாவும் சேர்த்து 60 பாகைக்குச் சற்றுக் கீழே கலக்கினால், மூன்று சங்கிலிகளும் கிளிசரினை விட்டுத் தனித்தனியாகும். கிளிசரின் அடியில் படியும். மேலே மிதப்பது பயோடீசல், அதன் பாகுநிலை 5 க்குக் கீழே. பிலிப்பைன்ஸ் இப்படித் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்ததைத்தான் தன் நாட்டு டீசலில் சட்டப்படி கலக்கிறது. ஆனால் இதை வீட்டுக் குசினியில் செய்து பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மெதனோலின் ஆவி தீயை எட்டி இழுக்கும், உடலுக்குள் போனால் கண்பார்வையையே பறிக்கும். காற்றோட்டமும் கருவிகளும் தெரிந்த ஆட்களும் உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

எந்த வண்டிக்கு ஊற்றலாம் என்று பலர் கேட்கிறார்கள். கே.டி.எச். வான் போன்ற கொமன் ரெயில் வண்டிகளுக்கு, அதாவது எரிபொருளை மிகக் கூடிய அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்ரருக்கும் பங்கிடும் வண்டிகளுக்கு, வேண்டவே வேண்டாம். அவற்றின் அழுத்தமும் துளைகளும் டீசலின் தடிப்பை வைத்து மயிரிழையில் கணக்கிட்டுச் செய்தவை. பழைய டொல்பின் வானில் எரிபொருள் முதலில் ஒரு சிறிய பக்க அறைக்குள் விசிறப்பட்டு, அங்கே சுழலும் காற்றோடு கலந்து எரிகிறது. பெருந்துளியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வன்னி வயல்களில் எங்கும் காணும் மசி பெர்கியூசன் 135, 240 ரக்ரர்களைப் பார்த்தால் முரட்டு இயந்திரம், எதையும் தாங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றில் இருப்பது எரிபொருளாலேயே வழுக்கும் சுழல் பம்ப். தடித்த ஆறிய எண்ணெயைத் தள்ள அது செய்யப்படவில்லை, உள்ளே உடையக்கூடும். அண்ணையினதும் 135 தான்.

இதற்கென்றே பிறந்ததுபோன்ற ஒரு இயந்திரம் உண்டு. பழைய அரிசி மில்களில் நின்ற லிஸ்ரர். பெரிய சில்லோடு நிமிடத்துக்கு 650 சுற்றுத்தான் சுற்றும். துளி எரிய அதற்கு மூன்று மடங்கு நேரம் கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்பதால் எண்ணெயைச் சூடாக்க ஒரு சுருள் குழாயைப் புகைக்குழாயில் சுற்றிவிடலாம்.

அண்ணை புது நுனிகளும் பில்ரரும் போட்டு, ஒயிலும் மாற்றி, ரக்ரரை மறுபடி டீசலுக்கே கொண்டுவந்துவிட்டார். மிச்ச எண்ணெய்க் கான் ஒன்று அவரின் கொட்டிலில் மூடியோடு நிற்கிறது. பாவிக்காமல் கிடக்கும் மில் இயந்திரம் ஒன்றைத் தேடித் திரிகிறார்.