கம்யூனிட்டி பயோ லேப்: தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

காலேஜோ கம்பெனியோ சொந்தம் கொண்டாடாத, சந்தா கட்டினா யார் வேணா உள்ள போய் வேலை பாக்கக்கூடிய உயிரியல் ஆய்வகத்துக்குத்தான் கம்யூனிட்டி பயோ லேப்னு பேரு. பட்டம் இருக்கான்னு கேக்க மாட்டாங்க, பாதுகாப்புப் பயிற்சி முடிச்சீங்களான்னு கட்டாயம் கேப்பாங்க.

இத தமிழ்ல எழுதறப்ப ‘சமூக உயிரியல் ஆய்வகம்’னு போட்டா தப்பாயிடும். சமூக உயிரியல்னு தனியா ஒரு துறையே இருக்கு, எறும்பு, தேனீ, குரங்கு இதெல்லாம் ஏன் கூட்டமா வாழுது, ஒண்ணுக்கொண்ணு ஏன் உதவி பண்ணிக்குதுன்னு படிக்கிற துறை. படிக்கிறவங்க அதுன்னுதான் நினைப்பாங்க. சரி ‘பொது’ன்னு போடலாம்னா ‘பொது உயிரியல் ஆய்வகம்’ அப்பவும் இடிக்குது, ஜெனரல் பயாலஜின்னு ஆயிடுது. பொதுங்கிறத ஆய்வகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சு ‘உயிரியல் பொது ஆய்வகம்’னு சொன்னாத்தான் அர்த்தம் நிக்குது. பொது நூலகம்னு சொல்றோம்ல, அதே அச்சு. 1948லயே பொது நூலகத்துக்குன்னு சட்டம் போட்ட ஊரு நம்ம மெட்ராஸ், சுதந்திர இந்தியாவுல அதுதான் முதல் நூலகச் சட்டம், அதனால இந்தப் பொதுங்கிற வார்த்தை நமக்குப் புதுசா விளக்க வேண்டிய வார்த்தையே இல்ல.

இந்த இயக்கம் ஒரு உருவத்துக்கு வந்தது 2008ல, பாஸ்டன் பக்கம் மெக்கன்சி கவல், ஜேசன் போப்னு ரெண்டு பேர் ‘டிஐஒய்பயோ’ன்னு ஆரம்பிச்சாங்க, நாமளே செய்ற பயாலஜின்னு வச்சுக்கலாம். 2010 கடைசியில நியூயார்க் புரூக்ளின்ல ஜென்ஸ்பேஸ் லேப் திறந்தது, அடுத்த வருஷம் கலிஃபோர்னியா சன்னிவேல்ல பயோக்யூரியஸ். பயோஹேக்கர்ங்கிற பேரும் இந்தக் கூட்டத்தோட ஒட்டிக்கிச்சு. ஹேக்கருக்குத் தமிழ்ல ‘கொந்தர்’னு ஒரு ஆக்கம் இருக்கு, ஆனா இப்ப பயோஹேக்கிங்னா டயட், மாத்திரை, உடம்புக்குள்ள சிப்பு வைக்கிறதுன்னு போயிடுச்சு, அதனால இந்த லேப் விஷயத்துக்கு அந்தச் சொல்லையே தொட வேணாம்னுதான் நான் சொல்வேன்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது அமெச்சூர்ங்கிற சொல்ல நம்மாளுங்க நடத்துற விதம். லத்தீன்ல ‘அமாத்தோர்’னா நேசிக்கிறவர், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. காசுக்காக இல்லாம ஆசைக்காக ஒரு வேலையச் செய்றவங்கன்னு அர்த்தம். இத தமிழ்ல கத்துக்குட்டின்னு போட்டா அந்த மனுஷனோட உழைப்பையே அடிச்சுப் போட்ட மாதிரி. நுண்ணுயிரிய முதல்ல கண்ணால பாத்துச் சொன்ன லேவன்ஹுக் டெல்ஃப்ட் ஊர்ல துணி வியாபாரி. அவ்ளோ தூரம் எதுக்கு, பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரையில 1988லேருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரி நடந்து பங்குனி ஆமை முட்டைய எடுத்துப் பாதுகாக்கிறாங்களே, அவங்கள யாராவது கத்துக்குட்டின்னு சொல்லுவோமா? ஆர்வலர்னுதான சொல்றோம். அந்தச் சொல்தான் இங்கயும் சரி.

அடுத்தது ஜெனெடிக் எஞ்சினியரிங், அதாவது உயிரோட ஜீனை மாத்தியமைக்கிற வேலை, மரபணுப் பொறியியல். ஜீன்ங்கிற பேரை 1909ல வச்சது டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன். நாம மரபணுங்கிறோம், இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்துல ‘பரம்பரை அலகு’. அணுன்னா ஆட்டம்னு குழம்பாம இருக்க அலகுதான் துல்லியம், ஆனா மரபணு நாக்குல ஏறிடுச்சு, இனிமே மாத்த முடியாது. மரபுங்கிறது பொருத்தமான வேர்தான், தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு இயலே இருக்கு, ஓரறிவுலேருந்து ஆறறிவு வரைக்கும் உயிர்களப் பிரிச்சுச் சொல்றதும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளைன்னு குஞ்சு குட்டிங்களுக்குப் பேர் சொல்றதும் அங்கதான்.

சரி, ஆர்வலர்கள் அந்த லேப்ல என்னதான் பண்றாங்க? புதுசா வர்றவங்க பண்ற ஒரு சோதனையச் சொல்றேன். நோய் உண்டாக்காத ஈ.கோலிங்கிற பாக்டீரியா வகை, அத கால்சியம் குளோரைடு கரைசல்ல போட்டு ஐஸ்ல வைப்பாங்க, கூடவே ஜெல்லி மீனோட ஒளிரும் புரத ஜீன் வச்ச ஒரு சின்ன டிஎன்ஏ வளையம், பிளாஸ்மிட். அப்புறம் அந்தக் குழாயை டக்குனு 42 டிகிரி தண்ணிக்கு மாத்துவாங்க, நம்ம அக்னி நட்சத்திர வெயிலு சூடுதான், ஒரு நிமிஷம்கூட இல்ல, திரும்ப ஐஸ். அந்த அதிர்ச்சியில பாக்டீரியாவுக்குள்ள வளையம் போயிடும். எல்லாத்துக்குள்ளயும் போகாது, அதனால ஆம்பிசிலின்ங்கிற பாக்டீரியாவைக் கொல்ற மருந்து கலந்த தட்டுல வளக்குறாங்க, வளையத்துல அந்த மருந்தைத் தாங்குற ஜீனும் இருக்கும்ங்கிறதால வாங்கினது மட்டும் பொழைக்கும். மறுநாள் புற ஊதா விளக்கைக் காட்டினா புள்ளி புள்ளியா பச்சையா ஒளிரும்.

இந்தியாவுலயும் இந்த மனசு இருந்திருக்கு. 2009ல பெங்களூரு சிருஷ்டி டிசைன் ஸ்கூல் பசங்க ஐஜெம்ங்கிற சர்வதேச மாணவர் மரபணுப் பொறியியல் போட்டிக்குப் போனாங்க, மழை பெஞ்சா வர்ற மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்ங்கிற பொருளை ஈ.கோலிய வச்சு உண்டாக்கறதுதான் அவங்க புராஜெக்ட். டிசைன் படிக்கிற பசங்க!

இப்ப சுதந்திரம்ங்கிற விஷயம். ஜெர்மனியில அனுமதி வாங்கின லேபுக்கு வெளிய மரபணு மாத்தினா குத்தம். கலிஃபோர்னியாவுல 2019ல ஒரு சட்டம், கிரிஸ்பர்ங்கிற ஜீனை வெட்டி மாத்துற கிட்டை விக்கிறவங்க தனக்குத்தானே போட்டுக்கறதுக்கு இல்லன்னு எச்சரிக்கை போடணும். நம்ம நாட்டுல 1986 சுற்றுச்சூழல் சட்டத்துக்குக் கீழ 1989ல வந்த விதிகள் இருக்கு, மரபணு மாத்துற வேலைன்னா நிறுவனத்துல உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்கணும், அதுல உயிரித் தொழில்நுட்பத் துறையோட பிரதிநிதி ஒருத்தரும் உக்காரணும். அதனால வீட்டு மொட்டை மாடியில மேல சொன்ன சோதனைய செய்யாதீங்க, தயவுசெஞ்சு. வாழைப்பழத்தை நசுக்கி, உப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட், ஜில்லுனு ஆல்கஹால் சேத்து டிஎன்ஏவை நூல் நூலா எடுக்கிறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

என்னைக் கேட்டா இந்த விதி வேணும்தான். ஆர்வலருக்கு வேண்டிய சுதந்திரம் கதவைச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சு செய்றது கிடையாது, நாலு பேர் பாக்குற இடத்துல, தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்க, காசில்லாதவனும் பிப்பெட்டை, அதான் லேப்ல திரவத்தை அளந்து எடுக்கிற குழாயை, பிடிக்கிற சுதந்திரம். 2004ல அமெரிக்காவுல ஸ்டீவ் கர்ட்ஸ்னு ஒரு கலைப் பேராசிரியர், வீட்டுல ஆபத்தில்லாத பாக்டீரியா தட்டு வச்சிருந்தார், மனைவி திடீர்னு இறந்தப்ப உதவிக்கு வந்த அவசர சேவைக்காரங்க அதப் பாத்துட்டு எஃப்பிஐ வரைக்கும் போய், கேஸ் தள்ளுபடியாக 2008 ஆச்சு. வீட்டுக்குள்ள தனியா இருந்தா சந்தேகம்தான் வரும்.

கிண்டி, தரமணி பக்கம் இவ்ளோ பயோடெக் லேப் இருக்கு, பாதுகாப்புக் குழு ஏற்கனவே வச்சிருக்கிற ஏதாவது ஒரு காலேஜ் வாரத்துல ஒரு நாள் வெளியாளுங்களுக்குக் கதவைத் திறந்தாலே போதும், புதுக் கட்டடமே வேணாம். ஆட்டோ ஓட்டுறவரும் பிளஸ் ஒன் பொண்ணும் ஒரே மேசையில நின்னு செய்யலாம், போர்டுல ‘உயிரியல் பொது ஆய்வகம்’னு தமிழ்லயே எழுதலாம்.