கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது?

வேளாண்மை ஆவணப்படங்கள் பெரும்பாலும் இரண்டு பண்ணைகளை எதிரெதிரே வைக்கின்றன: ஆலைபோல் இயங்கும் தொழில்முறைப் பண்ணை, இயற்கையோடு ஒட்டிய மேய்ச்சல் பண்ணை. அந்த வேறுபாட்டில் கேமராவுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பிராய்லர் கொட்டகையில் ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ எடைக்குக் கோழி வளர்க்கலாம். கூடுதல் நிபந்தனைகளை ஏற்றால் 42 கிலோ வரை போகலாம். கோழி 2 கிலோ என்றால், 33 கிலோவுக்கு 16 கோழி. கேமராவைக் கோழியின் கண் உயரத்தில் வைத்து, தூரத்திலிருப்பதை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸில் எடுத்தால் தரையே தெரியாது. கொட்டகை முழுக்க ஒரே வெள்ளை விரிப்பு. அதே கொட்டகையை ஏணியில் ஏறி வைட் ஆங்கிளில் எடுத்தால் தண்ணீர்க் குழாய், தீவனத் தட்டு, இடையிடையே மரத்தூள் பரப்பிய தரை எல்லாம் தெரியும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் தொழில்முறைப் பண்ணையைக் காட்டும் படங்களில் முதல் கோணமே திரும்பத் திரும்ப வருகிறது.

வெளிச்சமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. அதே விதி கொட்டகைக்குக் கேட்பது குறைந்தது 20 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு). உச்சி வெயிலில் மேய்ச்சல் நிலத்தில் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். மங்கலில் எடுக்க ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும்; ஷட்டர் வேகம் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை ஓடும். வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யாமல் விட்டால் பச்சை படரும். எதிர்ப்பக்கத்து மேய்ச்சல் காட்சியோ விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், மஞ்சள் வெயிலில் எடுத்ததாக இருக்கும்.

இதில் இயக்குநரை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க உணவுத் தொழிலைப் பற்றி 2008-இல் வந்த 'ஃபுட், இன்க்.' படத்துக்குப் பெரிய இறைச்சி நிறுவனங்கள் பேட்டி தர மறுத்தன. சில காட்சிகள் மறைகேமராவில்தான் கிடைத்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2012-இல், பொய் சொல்லிப் பண்ணைக்குள் நுழைவதையே குற்றமாக்கியது. இயற்கைமுறைப் பண்ணை ஒன்றைப் பற்றிய 'த பிகஸ்ட் லிட்டில் ஃபார்ம்' படத்திலோ பண்ணையாளர் ஜான் செஸ்டரே ஒளிப்பதிவாளர். ஏறத்தாழ எட்டு ஆண்டு வாழ்க்கையைப் படமாக்கினார். ஒரு பக்கம் திருட்டுத்தனமாக எடுத்த சில நிமிடங்கள், மறுபக்கம் சிக்கல் வந்து தீரும்வரை காத்திருக்கும் ஆண்டுகள். நத்தை பெருகினால், அதைத் தின்ன வாத்து வருவதைக் காட்ட அவகாசம் இருக்கிறது. கதவு திறந்தாலும் பார்வை நடுநிலையாகிவிடாது. தொழில்முறை உணவு உற்பத்தியைக் காட்டும் நிக்கோலவுஸ் கெய்ர்ஹால்ட்டரின் 2005 ஆவணப்படத்தில் வர்ணனையும் இல்லை, பேட்டியும் இல்லை. அசையாத, சமச்சீரான சட்டகங்கள் மட்டுமே. அந்தச் சமச்சீரே பண்ணையை இயந்திரமாக்கிவிடுகிறது.

மேய்ச்சல் கோழிக்கும் எண்ணிக்கை உண்டு. அது திரைக்கு வருவது அபூர்வம். 'ஃபுட், இன்க்.'கில் வரும் ஜோயல் சாலட்டின், 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அடித்தளமற்ற கூண்டில் சுமார் 75 பிராய்லர்களை விட்டு, தினமும் புதுப் புல்லுக்கு இழுக்கும் முறையைப் பரப்பியவர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கோழி. நெருக்கம் பாதிக்கும் குறைவுதான், ஆனாலும் திரையில் தோன்றும் திறந்தவெளி அளவுக்கு இல்லை. அங்கும் வளர்ச்சிக்கான தீவனத்தில் பெரும்பகுதி தானியம்தான்.

மண்ணைப் பற்றிய படங்களில் நீர்க்குவளைச் சோதனை கட்டாயம் வரும்: உழுத நிலத்துக் கட்டி தண்ணீரில் கரைகிறது, உழாத நிலத்துக் கட்டி நிற்கிறது. இதில் உண்மை உண்டு. வேரும் பூஞ்சையும் துகள்களைப் பிணைக்கின்றன. ஆனால் காய்ந்த கட்டிக்குள் நீர் பாயும்போது, அகப்பட்ட காற்று அழுத்தமேறி அதை உள்ளிருந்தே உடைக்கிறது. ஏற்கெனவே ஈரமான கட்டியில் அந்தக் காற்று குறைவு, ஆகவே எளிதில் உடையாது. மூடாக்கின் (மண்மேல் பரப்பிய வைக்கோல், சருகு) கீழிருந்து ஈரமாக எடுத்ததையும் வெயிலில் வெந்ததையும் ஒரே நேரத்தில் போட்டால் முடிவு முன்பே எழுதியாகிவிட்டது. ஒரே மண்வகை, ஒரே ஆழம், ஒரே அளவு. இரண்டையும் நிழலில் சில நாள் உலர்த்திய பிறகே போட வேண்டும். கறுத்த மண்ணும் அப்படித்தான்: நனைந்தாலே எந்த மண்ணும் கறுக்கும்.

கார்பன் கணக்கு இன்னும் நுணுக்கம். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஆழ மண், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்றால், 3,900 டன். அதில் கார்பன் 0.1 சதவீதம் கூடினால் 3.9 டன். ஒரே வயலின் இரண்டு மூலைகளுக்கு இடையே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கலாம். உழுவதை நிறுத்தினால் கார்பன் மேலடுக்கில் சேரும்; 10 செ.மீ. மட்டும் தோண்டி அளந்தால் லாபம் பெரிதாகத் தெரியும். ஆகவே மண்வெட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதும் சட்டகத்துக்குள் வர வேண்டும்.