நாலு நாள் முன்பே கிளம்பிய அலை

குமரி மாவட்டத்து முட்டம் பாறைமேல் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அலை எண்ணுவது எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு முகடு பாறையில் மோதும்போது கணக்கைத் தொடங்கி, அதன்பின் பத்தாவது முகடு மோதும்போது நிறுத்த வேண்டும். ஆன நொடிகளைப் பத்தால் வகுத்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி கிடைத்துவிடும். பக்கத்துக் கடலில் வீசும் காற்று எழுப்பிய அலை என்றால் ஐந்தாறு நொடிதான் இருக்கும். ஒரு சித்திரை மாதக் காலையில் எனக்கு இருபது நொடி வந்தது. காற்று அசையவில்லை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கீழே மணலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இளைஞர்களிடம் சொன்னார்: "கடலு நீட்டி மூச்சு விடுது மக்கா. வள்ளத்த மேல ஏத்துங்க." அவர் கையில் கடிகாரம் இல்லை.

இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். கள்ளனைப்போல் சொல்லாமல் வந்து வீட்டுக்குள் நுழையும் கடல். கேரளக் கரையிலும் நம் கரையிலும் வழங்கிய இந்தச் சொல்லை யுனெஸ்கோ 2012இல் அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. புயல் இல்லாமல் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். புயல் உண்டு. அது நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுங்கள். அண்டார்ட்டிகா வரை அந்தக் கோட்டில் சொல்லும்படியான நிலம் எதுவும் இல்லை. சுமார் 5,100 கிலோமீட்டர் தள்ளி ஆம்ஸ்டர்டாம் என்ற சின்னஞ்சிறு தீவு ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் கிடக்கிறது. அந்தத் தீவையும் அதற்குத் தெற்கையும் தழுவிய பரப்பில், தடுக்க மலையோ நிலமோ இல்லாமல் மேலைக்காற்று உலகைச் சுற்றிச் சுழன்றடிக்கிறது. நமக்குக் கோடை முற்றும்போது அங்கே குளிர்காலம் நெருங்குகிறது. புயல்கள் அடுத்தடுத்துக் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. பலத்த காற்று, ஒரே திசையில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில், ஓரிரு நாள் விடாமல் வீசினால் கடல்மேல் சிற்றலைகள் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்து நீண்ட பேரலைகளாகின்றன.

அலை என்பது ஓடிவரும் தண்ணீர் அல்ல. தண்ணீர் அந்தந்த இடத்திலேயே வட்டமடித்து ஏறி இறங்குகிறது. ஆற்றல்தான் பயணம் போகிறது. ஆழ்கடலில் இதற்கு ஓர் அழகான விதி உண்டு. அலையின் இடைவெளி நீள நீள வேகமும் கூடும். இடைவெளி இருபது நொடி என்றால், அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பதினாறு நொடி என்றால் 45 கிலோமீட்டர். புயலின் இடத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிளம்பினாலும் வழியில் பிரிந்துவிடுகின்றன. நீண்டவை முந்துகின்றன, குட்டையானவை பிந்துகின்றன. நீண்ட அலை இவ்வளவு தூரம் வந்தும் அதிகம் தேய்வதில்லை.

அன்று இருபது நொடி எண்ணிய நான் மறுநாள் அதே நேரத்தில் எண்ணியபோது பதினாறு வந்தது. ஒரே இடத்திலிருந்து கிளம்பிய இரண்டு வண்டிகள், ஒன்று 56 கிலோமீட்டர் வேகம், மற்றது 45. இரண்டும் 24 மணி நேர வித்தியாசத்தில் வந்து சேர்ந்தால் புறப்பட்ட இடம் எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடக் கணக்குதான். ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். அதாவது தென் அட்சரேகை 40 டிகிரி அருகே, நாலு நாளைக்கு முன்பு. பாறையில் நின்றபடியே, கண்ணால் காணாத புயலைத் துரத்திப் பிடித்துவிடலாம் என்பது இன்றும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க். இரண்டாம் உலகப்போரில் படகுகள் கரையிறங்க ஏற்ற நாளைச் சொல்ல அலைக் கணிப்பு முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அலைமானிகளை வைத்து, தென்கடல் புயல்கள் எழுப்பிய அலைகள் பசிபிக் முழுவதையும் கடப்பதைத் தொடர்ந்து அளந்தார்.

கரையை நெருங்கும்போதுதான் இந்த அலையின் குணம் மாறுகிறது. இருபது நொடி அலையின் நீளம் 600 மீட்டருக்கும் மேல். நடுக்கடலில் படகில் இருப்பவர், அது மெல்ல ஏறி இறங்குவதைக் கவனிக்கக்கூட மாட்டார். நீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்துக்கு வந்ததும் அலைக்குக் கடல்தரை தட்டுப்படுகிறது. வேகம் குறைகிறது, பின்னால் வரும் ஆற்றல் நெருக்குகிறது, உயரம் ஏறுகிறது. உடைந்த அலைகள் தள்ளிய தண்ணீர் திரும்ப நேரமில்லாமல் கரையோரம் குவிகிறது. அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால் சில நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். பிறகு ஒரு கூட்டம் வந்து காய்ந்த மணல்வரை வாரிக்கொண்டு போகும். காலை நனைக்க நிற்பவரை ஏமாற்றுவது அந்தச் சில நிமிட அமைதிதான். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்துவிட்டால் தெருவுக்கே வந்துவிடும்.

2024 ஏப்ரல் கடைசியில் தென் அட்லாண்டிக்கிலிருந்து தென்னிந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்த ஒரு தாழ்வழுத்தம் கிளப்பிய அலைகள் மே 4 அன்று இந்தியக் கரையைத் தொட்டன. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடுத்திருந்தது. மே 8 அமாவாசை. மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. ஐந்து பேரும் திரும்பவில்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால் இது முன்கூட்டியே தெரிந்த அலை. 2017இல் ஒக்கி அப்படியல்ல. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி சேரும் முன்பே காற்று சேர்ந்துவிட்டது. கள்ளக்கடலோ நாலு நாள் அவகாசம் தருகிறது. செயற்கைக்கோளும் மிதவைகளும் அளக்கின்றன, கணினி மாதிரிகள் அலையை நாழிகைக்கு நாழிகை பின்தொடர்கின்றன.

எச்சரிக்கை நம்மிடம் வந்துசேரும் விதத்தில்தான் குறை. "ஒன்றரை மீட்டர் அலை எழும்பும்" என்று செய்தி வருகிறது. கடலோரத்தில் வளர்ந்தவருக்கு ஒன்றரை மீட்டர் ஒரு பொருட்டா? ஆனால் அதே ஒன்றரை மீட்டர், ஆறு நொடி அலையாக வருவதைவிடப் பதினெட்டு நொடி அலையாக வந்தால் கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் மும்மடங்கு. அறிவிப்பில் அலையின் உயரத்தோடு இந்த நொடிக்கணக்கையும் சொல்ல வேண்டும், சர்ச் ஒலிபெருக்கியிலும் கடற்கரை அறிவிப்புப் பலகையிலும். பதினைந்தைத் தாண்டினால் தண்ணீரில் கால் வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அன்று மதியம் ஏற்றத்தில், காலையில் வள்ளங்கள் கிடந்த இடத்தைத் தாண்டிப் பத்தடி மேலே வரை நுரை வந்து போனது. ஏற்றி வைத்த வள்ளங்கள் ஒன்றுகூட நனையவில்லை. அந்த அலையை அனுப்பிய புயல் அந்நேரம் ஆம்ஸ்டர்டாம் தீவைக் கடந்து கிழக்கே வெகுதூரம் போயிருக்கும்.