பேங்க் முடங்கினா 5 லட்சம் வரும்னு தைரியமா இருக்கீங்களா? மொதல்ல இத படிச்சிருங்க

ரிட்டயர்டு சத்துணவு அமைப்பாளர் ஒரு அம்மா, மஞ்சப்பை நிறைய பேப்பரோட எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஒரு கூட்டுறவு பேங்க்ல (பேரு வேண்டாம்) காசு போட்டு வச்சிருந்தாங்க, ரிசர்வ் பேங்க் தடை போட்டு பணம் எடுக்க முடியாம ஆயிருச்சு. "5 லட்சம் வரைக்கும் குடுத்துருவாங்கன்னு டிவில சொன்னாங்களே தம்பி, பக்கத்து தெருவுல எல்லாருக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் ஏன் வரல"ன்னு கேட்டாங்க. விசாரிச்சா, ஒரு ஃபார்ம் குடுக்கணுமாம், கடைசி தேதி முடிஞ்சே போச்சு. நோட்டீஸ் பிராஞ்ச் உள்ள சுவத்துல ஒட்டியிருந்திருக்காங்க. இந்த அம்மா மூட்டுவலியோட மாடியேறி உள்ள போயி பாத்தாத்தான் தெரியும். ஒரு போன் கூட யாரும் பண்ணல. அன்னைக்கு வந்த கோவத்துல தான் இத எழுதுறேன்.

வரலாறு கொஞ்சமா சொல்லிடுறேன். 1960ல கேரளாவுல பாலை சென்ட்ரல் பேங்க் மூழ்கினதுக்கு அப்புறம் தான் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டமே வந்துச்சு. 1962ல ஆரம்பிக்கும்போது ஒரு ஆளுக்கு 1,500 ரூபா. 1993ல 1 லட்சம் ஆக்கிட்டு 27 வருஷம் அப்படியே விட்டுட்டாங்க. 2019 செப்டம்பர் 23 அன்னைக்கு மும்பை பிஎம்சிங்குற கூட்டுறவு பேங்க்ல 6 மாசத்துக்கு 1,000 ரூபா தான் எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டுச்சு, ஜனங்க ரோட்டுல உக்காந்து அழுதாங்க, அப்புறம் தான் 2020 பிப்ரவரி 4ல இருந்து 5 லட்சம்னு ஏத்தினாங்க. இத குடுக்குறது டிஐசிஜிசின்னு ரிசர்வ் பேங்கோட ஒரு நிறுவனம், பிரீமியம் பேங்க் கட்டும், நம்ம கட்ட வேண்டியதில்ல.

இப்ப மெயின் மேட்டர். ரிசர்வ் பேங்க் தடை போட்ட நாள்ல இருந்து 90 நாள்ல பணம்னு 2021 செப்டம்பர் 1ல இருந்து சட்டம் இருக்கு. மொத 45 நாள் பேங்க் லிஸ்ட் ரெடி பண்ணி அனுப்ப, அடுத்த 30 நாள் டிஐசிஜிசி சரிபாக்க, கடைசி 15 நாள் பணம் குடுக்க. கேக்க நல்லாருக்கு. ஆனா பேங்க வேற பேங்க்கோட இணைக்கிற பேச்சு ஓடுச்சுன்னா இன்னொரு 90 நாள் தள்ளலாம்னு அதே சட்டத்துல இருக்கு. அதனால 3 மாசம்னு கணக்கு போட்டு கல்யாணத்துக்கோ ஆபரேஷனுக்கோ வாக்கு குடுத்துறாதீங்க, 6 மாசம்னு வச்சுக்கோங்க.

அந்த மொத 45 நாள் தான் உங்க கையில இருக்குற நேரம். எனக்கு இன்சூரன்ஸ் பணம் வேணும்னு ஒரு சம்மதக் கடிதம் குடுக்கணும், அடையாள அட்டை காப்பி, பணம் வந்து விழ வேற ஒரு பேங்க் அக்கவுண்ட் விவரம் குடுக்கணும். குடுக்கலன்னா லிஸ்ட்ல உங்க பேர் போகாது. நெறைய பேர் டிஐசிஜிசிக்கு நேரா லெட்டர் போட்டுட்டு காத்துட்டு இருக்காங்க, எல்லாம் பேங்க் வழியா தான் போகணும். பேங்க்ல கேட்டா மேலிடத்துல கேளுங்கம்பான், மேலிடத்துல கேட்டா உங்க பிராஞ்சுலயே கேளுங்கம்பான். நீங்க எதுக்கும் அசராம ஃபார்ம குடுத்து, ஜெராக்ஸ்ல சீல் போட்டு தேதியோட கையெழுத்து வாங்காம அந்த எடத்த விட்டு நகராதீங்க.

நம்ம ஊர்ல பெரிய தலைவலி இனிஷியல். பாஸ்புக்ல எஸ். கமலம், ஆதார்ல கமலம் சுப்பையா, பான் கார்டுல அப்பா பேரு முன்னாடி வரும். ஒரே ஆளு தான்னு கவுண்டர்ல இருக்குறவருக்கே தெரியும், 20 வருஷமா வணக்கம் சொல்ற ஆளு, இருந்தாலும் பேர் ஒத்துப்போகலன்னு ஃபார்ம திருப்பி குடுப்பார். முடங்கின பேங்க்ல பேர் திருத்துறதுங்குறது தனி நரகம். பேங்க் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே கேஒய்சி (பேங்க்ல குடுத்திருக்குற அடையாள விவரம்) சரி பண்ணி, நாமினி பேரையும் பதிஞ்சு வச்சிருங்க. நாமினி இல்லாம அக்கவுண்ட்காரர் இறந்துட்டா வாரிசு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ்ல நிக்கணும், அதுக்குள்ள அந்த 45 நாள் ஓடிரும்.

5 லட்சம்ங்குறது ஒரு அக்கவுண்ட்டுக்கு இல்லீங்க, ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு. நாலு பிராஞ்ச்ல நாலு எஃப்டி போட்டிருந்தாலும் எல்லாத்தையும் கூட்டித்தான் 5 லட்சம். கடை பேர்ல கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கீங்க, கடை உங்க ஒருத்தரோடது தான்னா அதுவும் உங்க சொந்த கணக்கோட சேரும், வியாபாரிங்க ஏமாறுறது இதுல தான். ஜாயின்ட் அக்கவுண்ட் தனிக் கணக்கு. அதுலயும் புருஷன் பேரு முதல்ல இருக்குறது ஒண்ணு, பொண்டாட்டி பேரு முதல்ல இருக்குறது ஒண்ணுன்னா ரெண்டும் தனித்தனி. இத எந்த மேனேஜரும் எஃப்டி போடும்போது சொல்லி நான் பாத்ததில்ல.

வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள்ள தான். அசல் 4,80,000 வட்டி 35,000ன்னா 5 லட்சம் தான் வரும், 15,000 வெளிய நிக்கும். முழுசா 5 லட்சம் எஃப்டி போட்டா மொத நாள்ல இருந்தே வட்டிக்கு பாதுகாப்பு கிடையாதுன்னு வச்சுக்கோங்க. அதே பேங்க்ல கடன் இருந்தா பாக்கிய கழிச்சுட்டு தான் தருவாங்க. கூட்டுறவு பேங்க்ல லோன் வாங்கும்போது ஷேர் எடுக்க சொல்லுவாங்கல்ல, அது டெபாசிட்ல வராது, அதுக்கு ஒரு பைசா இன்சூரன்ஸ் இல்ல.

போர்டுல பேங்க்னு போட்டிருக்குன்னு நம்பிடாதீங்க. தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்த ஊர்ல எல்லாரும் பேங்க்னு தான் சொல்றோம், ஆனா அங்க போடுற காசுக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. நிதி கம்பெனி, சீட்டு, நகைக்கடை ஸ்கீம் எதுக்குமே கிடையாது. டிஐசிஜிசி வெப்சைட்ல பேங்க் லிஸ்ட் இருக்கு, பேங்கோட சைட்லயும் அவங்க லோகோவும் க்யூஆர் கோடும் இருக்கணும், அது இல்லன்னா பணத்த கவுண்டர்ல வைக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க.

பேங்க்குக்குள்ளயே விக்கிற எல்லாமும் டெபாசிட் இல்லங்குறதும் ஞாபகம் இருக்கட்டும். யெஸ் பேங்க்ல எஃப்டி மாதிரி தான், அதவிட வட்டி ஜாஸ்தின்னு சொல்லி ஏடி1 பாண்டுங்குற (பேங்க் தள்ளாடினா காசே திரும்ப வராம போகலாம்ங்குற கடன் பத்திரம்) ஒண்ண வயசானவங்க தலையிலயும் கட்டினாங்க, 2020 மார்ச்ல 8,400 கோடி ரூபா பாண்ட ஒரே கையெழுத்துல சைபர் ஆக்கிட்டாங்க, கேஸ் கோர்ட்ல வருஷக்கணக்கா இழுத்துச்சு. நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்க 2020 நவம்பர்ல டிபிஎஸ் பேங்க் கூட சேத்தப்போ டெபாசிட் போட்டவங்க தப்பிச்சாங்க, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு மொத்தமும் போச்சு.

5 லட்சத்துக்கு மேல இருந்தா? பிஎம்சிக்காரங்கள பாருங்க. 2022 ஜனவரில யூனிட்டி பேங்க் கூட சேத்தாங்க. 5 லட்சத்துக்கு மேல உள்ளதுல முதல் வருஷ முடிவுல 50,000, ரெண்டாவதுல 50,000, மூணாவதுல 1 லட்சம், நாலாவதுல ரெண்டரை லட்சம், அஞ்சாவதுல அஞ்சரை லட்சம், மிச்சம் பத்து வருஷம் கழிச்சு, அதாவது 2032ல. 70 வயசுல பணம் போட்டவரு அதுக்கு எங்க போவாரு? பிஎம்சி கடன் குடுத்ததுல பெரும்பகுதி ஒரே பில்டர் குரூப்புக்கு போயிருக்கு, 21,000க்கு மேல போலி அக்கவுண்ட் வச்சு மறைச்சிருக்காங்க, அத ஆடிட்டரும் கண்டுபிடிக்கல மேற்பார்வை பண்ண வேண்டியவங்களும் கண்டுபிடிக்கல. கூட்டுறவு சங்கப் பதிவாளர் ஒரு பக்கம் ரிசர்வ் பேங்க் ஒரு பக்கம்னு ரெண்டு எஜமான் இருந்தது தான் காரணம்னு சொல்லி 2020ல சட்டத்த மாத்தி ரிசர்வ் பேங்க்குக்கு அதிகாரம் கூட்டினாங்க. சரி, இப்ப அதிகாரம் இருக்கு, ஆனா 2025 பிப்ரவரில மும்பையிலயே நியூ இந்தியா கூட்டுறவு பேங்க்ல 122 கோடி கையாடல்னு வெளிய வந்துச்சே. 2017ல வேற, பேங்க் நொடிச்சா டெபாசிட்காரன் காச வச்சே பேங்க காப்பாத்தலாம்னு ஒரு பிரிவோட மசோதா கொண்டு வந்தாங்க, எதிர்ப்பு கிளம்பினதால 2018ல வாபஸ் வாங்கினாங்க. அது திரும்ப வராதுன்னு யாரும் எழுதி குடுக்கல.

அதனால ஒரு பேங்க்ல ஒரு பேர்ல நாலரை லட்சத்துக்கு மேல வைக்காதீங்க, மிச்சம் வேற பேங்க்ல இல்ல போஸ்ட் ஆபீஸ்ல. பேங்க் முடங்கிருச்சுன்னு காதுல விழுந்த அன்னைக்கே பாஸ்புக்க என்ட்ரி போட்டு, எஃப்டி ரசீத ஜெராக்ஸ் எடுத்துட்டு பிராஞ்சுக்கு போங்க. ஃபார்ம் வாங்க மாட்டேன்னு சொன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வைங்க. 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்குற புகார் வெப்சைட்ல புகார் போடுங்க, 14448 நம்பருக்கு போன் பண்ணியும் எப்படின்னு கேக்கலாம். அந்த அம்மாவுக்கு நாங்க இப்படித்தான் லெட்டருக்கு மேல லெட்டர் போட்டோம். 7 மாசம் ஆச்சு, 3,12,000 ரூபா வந்துச்சு.